பேசியவர்கள் பட்டியல்

சூலூர், அன்னூர், கிணத்துக்கடவு வட்டாரங்களில் எந்தத் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தாலும் கரும்பலகையின் ஓரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒரு மூலையில் நாள், கிழமை. இன்னொரு மூலையில் பதிவு எத்தனை, வருகை எத்தனை. ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போன சிறிது நேரத்தில் மூன்றாவதாக ஒன்று முளைக்கும்: 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு, அடிக்கோடு போட்டு, கீழே வரிசையாகப் பெயர்கள். எழுதுவது கிளாஸ் லீடர். வயது எட்டோ ஒன்பதோ. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதற்கும் அடங்காவிட்டால் இன்னொன்று. திரும்பி வரும் ஆசிரியர் சில நாள் அதட்டுவார், சில நாள் நிற்க வைப்பார், பல நாள் பட்டியலைப் பார்க்காமலே டஸ்டரால் துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார். இப்படிச் செய்யுங்கள் என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்வதில்லை. சிலேட்டு போய் நோட்டு வந்தது, வருகைப் பதிவேடு செல்போன் செயலிக்குள் போனது, கற்பித்தல் முறையே இருமுறை தலைகீழாக மாறியது. இந்தப் பட்டியல் மட்டும் அசையவில்லை. இவ்வளவு காலம் நிற்கும் ஒரு வழக்கத்துக்குள் ஏதோ ஒரு பயன் இருந்தாக வேண்டும். இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பயன் லீடர் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது, பட்டியலில் இல்லை. லீடரின் முன்னோடியான சட்டாம்பிள்ளைக்கு ஒரு காலத்தில் இரண்டு வேலைகள் இருந்தன: சிறியவர்களுக்குக் கற்பிப்பது, வகுப்பைக் காவல் காப்பது. நல்ல வேலையைத் தொலைத்துவிட்டு மோசமான வேலையை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்பதே என் வாதம்.

சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டபோது, கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், ஊட்டியை உருவாக்கிய அதே சல்லிவன், தம் மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருப்பதாகப் பதில் அனுப்பினார். அவை பெரும்பாலும் ஓர் ஆசிரியர் நடத்திய திண்ணைப் பள்ளிகள். அப்படிப்பட்ட பள்ளி எப்படி நடந்தது என்பதைப் பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ. டி. கேம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கை விரிவாகச் சொல்கிறது. காலையில் முதலாவதாக வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்குப் புகழுமில்லை இகழுமில்லை, ஒரு சுழியம். மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். (கடைசியாக வந்தவனின் கதியை எண்ணிப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.) அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: கீழ் வகுப்புப் பிள்ளைகளை மேல் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கேம்ப்பெல் பாராட்டியது இதைத்தான். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' காட்டும் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையும் இந்த வம்சம்தான். ஆக, நம் பழைய பள்ளியில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின்மேல் செலுத்திய அதிகாரம் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்போடு கட்டப்பட்டிருந்தது.

சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிப் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, தம் பள்ளியிலும் எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சிறியவர்களுக்கு எழுத்துக் கற்பிக்க வைத்தார். அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் அச்சிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. அவருடைய போட்டியாளரான ஜோசப் லங்காஸ்டரும் மாணவத் தலைவர்களை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். ஆனால் அவர் பள்ளியில் தவறு செய்தவன் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டுவதும், கூடையில் ஏற்றிக் கூரையில் தொங்கவிடுவதும் உண்டு. ஒரே ஏற்பாடு கற்பிக்கும் கையாகவும் மாறலாம், காவல் காக்கும் கண்ணாகவும் மாறலாம் என்பதற்கு இவ்விருவரே போதும். நம் வகுப்பறையின் 'பேசியவர்கள்' தலைப்பு லங்காஸ்டர் பக்கம் சாய்ந்தது. கட்டைக்குப் பதில் சாக்பீஸ், அவ்வளவே.

இந்த வழக்கத்துக்கு அதற்குரிய நியாயத்தைக் கொடுத்துவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. கொங்கு நாட்டு ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் ஈராசிரியர் பள்ளிகளுக்குக் குறைவே இல்லை. வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இருவர், அதில் ஒருவர் தலைமையாசிரியர். வட்டார வள மையத்தில் பயிற்சி என்று ஒருவர் போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அவரும் செயலியில் விவரம் ஏற்ற வேண்டும், காலை உணவு, சத்துணவுக் கணக்கைப் பார்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அரை மணி நேரம் நான்காம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? லீடர் இல்லாத ஈராசிரியர் பள்ளி ஒரு நாள் கூட நகராது. நோட்டை வாங்கி அடுக்குவது, தட்டோடு வரிசையில் நிற்க வைப்பது, சாக்பீஸ் எடுத்து வருவது, சின்னப் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது எல்லாம் லீடர் பொறுப்பு. இதில் பிள்ளைகளுக்கும் நன்மை உண்டு. அடுத்தது என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில்தான் ஆறு வயதுப் பிள்ளை அழாமல் உட்கார்ந்திருக்கும். மணி அடித்தால் எழுவது, வாழ்த்துப் பாடுவது, கை கழுவுவது என்ற ஒழுங்கெல்லாம் வீட்டில் ஒழுங்கு வாய்க்காத பிள்ளைக்கு ஒரு நிழல். பின்னலாடை மில்லுக்கு இரவு ஷிப்ட் போகும் தாய் தகப்பனின் பிள்ளைக்கு அந்த நிழலின் அருமை தெரியும்.

பட்டியல் இதிலிருந்து வேறுபட்டது. அதற்குப் பேச்சு என்றால் எல்லாம் ஒன்றுதான். பக்கத்துப் பையனை வம்புக்கு இழுத்ததும் பேச்சு, 'இந்தக் கணக்குல கடன் வாங்கணுமா?' என்று கேட்டதும் பேச்சு. இரண்டுக்கும் ஒரே வரி, ஒரே பெருக்கல் குறி. விசாரணை கிடையாது, மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தால் அதுவே இரண்டாவது குற்றம். இது கொங்குப் பகுதியில் கூடுதலாகத் தைக்கும் விஷயம். திருப்பூர், கோவைப் பள்ளிகளில் வீட்டில் ஒடியாவோ இந்தியோ வங்காளமோ பேசும் தொழிலாளர் பிள்ளைகள் இன்று நிறைய. தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ள குடும்பங்கள் தலைமுறைகளாகவே இங்கு உண்டு. காரமடை மலையடிவாரத்தில் இருளர் பிள்ளைகள், வால்பாறையில் காடர், முதுவர் பிள்ளைகள். ஆசிரியர் சொன்னது புரியாத பிள்ளைக்கு முதல் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான். காதோடு கேட்டு, காதோடு பதில் வாங்கி, அதைக்கொண்டுதான் அது தமிழைப் பிடிக்கிறது. யாருக்குப் பேச்சு மிக அவசியமோ அவர்கள் பெயரே பட்டியலின் உச்சியில் ஏறும் வாய்ப்பு அதிகம். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் (ASER) ஆய்வின்படி, 2022இல் தமிழக ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 4.8 விழுக்காட்டினரால் மட்டுமே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. பெருந்தொற்றுக் காலத்து அடைப்பு அதற்குப் பெரும் காரணம். அப்படிப்பட்ட வகுப்பில் ஒரு பிள்ளை வாய்விட்டுப் பக்கத்துப் பிள்ளையோடு படிப்பதைக் குற்றப்பட்டியலில் சேர்ப்பது எந்தக் கணக்கில் சேரும்?

லீடரின் நிலையும் மெச்சும்படி இல்லை. கவனித்தால் தெரியும்: வகுப்பில் அந்த நேரம் எதுவும் கற்காத ஒரே பிள்ளை அதுதான், முதுகைப் பலகைக்குக் காட்டி நின்று உதடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. கையில் சாக்பீஸ் உள்ளவரை ரப்பர், பென்சில், எலந்தவடை எல்லாம் தேடி வரும். பெயரை அழிக்கக் கூலி அது. யார் லீடர் ஆகிறார்கள் என்பது இன்னும் சங்கடமான கேள்வி. நன்றாகப் படிக்கும், துடிப்பாகப் பேசும், உடை கசங்காத பிள்ளை ஆகிறது. ஊரில் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்கு வாய்ப்பு சற்றுக் கூடும். பொறுப்புகளை யாருக்கு எப்படிப் பங்கிடுகிறோம் என்பது அற்ப விஷயமல்ல. பெருந்துறை அருகே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக 2022இல் வழக்குப் பதிவாகித் தலைமையாசிரியை கைதான செய்தியை மறந்திருக்க முடியாது. ஒரு வகுப்பில் காவல் வேலை யாருக்கு, கழுவும் வேலை யாருக்கு என்பதைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைவிட வேகமாகப் படித்துக்கொள்கிறார்கள்.

பெயரை ஊரறிய எழுதுவது தவறு என்று இந்த மாநிலமே ஒருமுறை முடிவெடுத்தது. கோபிச்செட்டிபாளையத்துக்காரரான கே. ஏ. செங்கோட்டையன் கல்வி அமைச்சராக இருந்த 2017இல், பொதுத்தேர்வு முடிவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு உறைவிடப் பள்ளிகள் அந்த இடங்களுக்காக நடத்திய ஓட்டத்துக்கு அது ஓரளவு கடிவாளம். பதினேழு வயதுப் பிள்ளையின் புகழையே பலகையில் எழுத வேண்டாம் என்றவர்கள், ஏழு வயதுப் பிள்ளையின் இகழை எழுதுவதைப் பற்றி யோசிக்கவில்லை. உடலுக்கான தண்டனையோடு மனத்துன்பத்தையும் தடை செய்யும் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதற்குப் பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். எனக்கு அந்த வாதத்தில் அவ்வளவு ஆர்வமில்லை. சட்டத்துக்கு அஞ்சி நிறுத்தினால் இன்னொரு வடிவில் முளைக்கும்.

பட்டியலுக்கு வேலையே இல்லாத வகுப்பறை ஒன்றைத் தமிழகம் கண்டிருக்கிறது. எம். பி. விஜயகுமார் என்ற அதிகாரியின் முன்முயற்சியில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் போன செயல்வழிக் கற்றல் அது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் ஊரகப் பிரிவு உருவாக்கிய அட்டை முறையே அதற்கு மூலம். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுய வருகைப் பதிவேட்டில் தாங்களே குறித்தார்கள், ஆரோக்கியச் சக்கரத்தையும் காலநிலை அட்டவணையையும் தாங்களே பார்த்தார்கள். ஏணிப்படியில் தம் இடத்தைக் கண்டுபிடித்து அட்டையை எடுத்து, அதில் உள்ள சின்னம் சொல்லும் குழுவுக்குப் போனார்கள். ஆசிரியர் உதவும் குழு உண்டு, தானே படிக்கும் குழு உண்டு, நடுவில் சக மாணவர் உதவும் குழுக்களும் உண்டு. அதாவது, சட்டாம்பிள்ளையின் தொலைந்த பாதி அரசு ஏற்பாடாகவே திரும்பி வந்தது, அதுவும் ஒருவருக்கு மட்டும் உரிய பதவியாக இல்லாமல், அந்த அட்டையை முடித்த எவருக்கும் உரியதாக. எல்லோரும் பேசியாக வேண்டிய வகுப்பில் பேசியவர் பட்டியலை யார் எழுதுவது?

அந்த முறை ஏன் தேய்ந்தது என்பதை மழுப்பக் கூடாது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. மாற்று அட்டை வருவதற்குள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும். மெதுவாகப் படிக்கும் பிள்ளை ஒரே படியில் நாட்கணக்கில் நின்றது. பையில் புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை என்று பெற்றோர் மிரண்டார்கள். மிரண்டவர்களுக்கு எதிரே தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் காத்திருந்தது. முப்பருவ முறையும் புதிய பாடநூல்களும் வந்தபின் அட்டைகள் பின்னுக்குப் போயின. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் களங்கள், பாடல், பொம்மலாட்டம், பயிற்சி நூல் என்று அந்த உயிரில் கொஞ்சத்தை மீட்டது. கூடவே கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தது. பெயர்கள் அழகு. 'நான் இன்னும் அரும்பு' என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்ல நேர்ந்தால் அந்த அழகு எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம்.

'சத்தம் போடும் வகுப்பில் பாடம் நடக்காது' என்பார்கள். ஒரு பகுதி உண்மை. ஒரு கூரைக்குக் கீழே ஐந்து வகுப்பு உள்ள கட்டடத்தில் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றின் தொல்லை. தணிந்த குரலில் பேசப் பழக்க வேண்டியதுதான். தணிந்த குரலுக்குப் பழக்குவதும் வாயைப் பூட்டுவதும் ஒன்றல்ல, பட்டியலுக்கு இரண்டாவது மட்டுமே தெரியும். 'தலைமைப் பண்பு வளர்கிறது' என்பது இரண்டாவது மறுப்பு. நாற்பது பேரில் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் வளரும் பண்பு மீதி முப்பத்தொன்பது பேருக்கு வேண்டாமா? வாரம் ஒருவர் என்று சுற்றினாலே இந்த வாதம் பாதி கரைந்துவிடும். மூன்றாவது மறுப்பு வெளியே சொல்லப்படாதது, ஆகவே வலுவானது: அதிகாரி வந்தாலும் பெற்றோர் வந்தாலும் அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு. கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும் பள்ளியில் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கும் மழலைகளைக் கண்ணாடி வழியே பார்த்துப் பூரிக்கும் பெற்றோர் கோவையில் இருக்கிறார்கள். அந்த அமைதியைப் பார்த்து அரசுப் பள்ளியும் தன் பிள்ளைகளை அடக்குகிறது. இந்தப் போட்டியில் ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

ஆசிரியர் வெளியே போகும்போது லீடரிடம் கொடுத்துவிட்டுப் போவது சாக்பீஸாக இல்லாமல் ஒரு கதைப்புத்தகமாக இருக்கலாம். நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு இருவர் இருவராக உட்கார்ந்து, விரல் வைத்து ஒரு பக்கம் படித்தால் அந்த அரை மணி நேரம் போய்விடும். அதற்குப் புதிய திட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்; ஈராசிரியர் பள்ளியின் கலப்பு வகுப்பே அதற்குத் தோது. இடமும் தயாராக இருக்கிறது. செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரைச் சுற்றித் தரையோடு ஒட்டிக் கறுப்பு வண்ணம் பூசி, பிள்ளைக்கு ஒரு கட்டம் என்று பிரித்த கீழ்மட்டக் கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்னும் மறையாமல் இருக்கின்றன. அந்தக் கட்டங்களில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தானே எழுதியது.