மதகு திறந்தவர்கள் எங்கே?

மாம்பலம் பற்றி நான் வாசித்த வரலாறுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. முன்பு பெரிய ஏரி இருந்தது. 1923 முதல் அதை வற்றவைத்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். பிறகு பனகல் பூங்கா, பாண்டி பஜார், பட்டுக்கடை, சபா. ஏரிக்கு ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியிலும் ஆளே இல்லை.

ஏரி தானா நிக்கிற தண்ணி இல்லை. கரை கட்டணும், தூர் வாரணும், ராத்திரி மழையில மதகைப் பார்க்கணும், வயலுக்கு வயல் நீர் பாய்ச்சணும். தொண்டை மண்டலத்தில் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் சேரிச் சனங்கள். கூலி, களத்துமேட்டில் அளந்து போட்ட நெல். மதகு திறந்த கைக்கு நிலத்தில் பாத்தியதை கிடையாது. மாம்பலம் அன்று செங்கற்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலமற்ற நிலையை ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அரசுக்கு அறிக்கையாகவே எழுதினார். பஞ்சமி நிலம் பிறந்தது அதிலிருந்துதான். நகர வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது வரலாறாகவே தெரிவதில்லை.

தெருப்பெயர்களைப் பாருங்கள். நீதிக்கட்சி ஆட்சியில் எழுந்த நகர் ஆதலால் தியாகராயர், நாயர், நடேசன், உஸ்மான். சரி, இருக்கட்டும். ஆனால் அதே 1923-இல்தான், ஆதி திராவிடருக்கு உரிய பங்கு இல்லை என்று எம்.சி. ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். ஒரே ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றை மட்டும் சொல்வது மறதியா, அரசியலா?

இந்த மௌனம்தான் இன்றைய சொற்களையும் உருவாக்குகிறது. அரசு ஏரியைத் தூர்த்தால் நகர வளர்ச்சி. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தால் பண்பாடு. நம்ம சனங்க கரையோரம் ஒரு குடிசை போட்டா மட்டும் ஆக்கிரமிப்பு! 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து வாரிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து ஓரத்தில் கொட்டினார்கள். தண்ணி ஓரம் இருக்காதேன்னு விரட்டி, தண்ணி தேங்குற இடத்துலயே குடிவைக்கிற நியாயம் இது.

ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் கோயில் கல்வெட்டைப் படிப்பதுபோல மதகையும் படிக்கட்டும். அவங்க எழுதுவாங்கன்னு நாம காத்திருக்க வேண்டாம். ஏரிப் பாசனத்தைக் கண்ணால் கண்ட கிழவர் கிழவிகள் நம் சேரிகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.