எம்.பி. சீனிவாசனின் சேர்ந்திசை

அமெரிக்க நாட்டில் ஜாஸ் இசை செழித்த 1930-களில், காப் காலோவே போன்ற கலைஞர்கள் தாமே பாடகராகவும் தாமே வாத்தியக் குழுவின் தலைவராகவும் ஒரே மேடையில் நின்று புகழ் பெற்றனர். அத்தகைய பன்முக இசைவாணர் நம்மவருள் உண்டா என்று வினவினால், பெரும்பாலோர் திரைப்படப் பாடகர் ஒருவரின் பெயரையே கூறுவர். குழுவை நடத்தும் கலையை நாம் கலையாகக் கருதுவதே அரிது. கண்டக்டர் என்றவுடன் பேருந்தில் சீட்டுக் கொடுப்பவர்தானே நம் நினைவுக்கு வருகிறார்! ஆயினும் அக்கலையையே தம் வாழ்வின் உயிர்நாடியாகக் கொண்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவரே எம்.பி. சீனிவாசன்.

அவர் பெயரின் முதலெழுத்து மானாமதுரையைக் குறிக்கும். பிறந்ததோ 1925-இல் ஆந்திரத்துச் சித்தூரில். வாழ்ந்தது சென்னையில். மணந்தது பஞ்சாபின் விடுதலை வீரர் சைபுதீன் கிச்லுவின் மகள் சாகிதாவை. பெரும்புகழ் எய்தியது மலையாள மண்ணில். பிழைப்பின் பொருட்டுப் பொன்முடிச் சரிவின் தேயிலைத் தோட்டங்களுக்கும் விதுரையின் அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்த நம் போன்ற குடும்பத்தார்க்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

தமிழில் அவர் இசையமைத்த படங்கள் மிகச் சிலவே. 1960-இல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ அவற்றுள் தலையாயது. ஜெயகாந்தன் இயற்றி, பி.பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய தென்னங்கீற்றுப் பாட்டைக் கேட்டோர் அதன் எளிமையை எளிதில் மறவார். அடுத்த ஆண்டே சென்னையில் ‘கால்பாடுகள்’ என்னும் மலையாளப் படத்திற்காக ஓர் இளைஞரைப் பாடவைத்தார். சாதி வேற்றுமையும் மதப் பகையும் அற்ற இடத்தைப் போற்றும் நாராயண குருவின் வரிகளே அப்பாடல். அவ்வரிகள் நம் மாவட்டத்து அருவிப்புறத்தோடு தொடர்புடையவை. அவற்றைப் பாடிய இளைஞர் கே.ஜே. யேசுதாஸ். அந்தப் பெருங்குரலின் முதல் ஒலிப்பதிவு ஒரு தமிழரின் மெட்டில் நிகழ்ந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

இவ்வளவும் திரையிசை வரலாற்றில் எழுதப்பட்டிருப்பதே. எனினும் சீனிவாசனின் உண்மையான சாதனை திரைக்கு வெளியே, சேர்ந்திசையில்தான் உள்ளது என்பது என் துணிபு. 1970-களின் தொடக்கத்தில் அவர் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவினார். பாரதியின் பாடல்களையும் பிறமொழிக் கவிஞர்களின் பாடல்களையும் பல குரல்களுக்குரியனவாக அமைத்தார்.

இதில் உள்ள இடர்ப்பாட்டை ஈண்டு சற்று விளக்குதல் வேண்டும். நம் இசை ஒற்றைக் குரலின் இசை. பஜனையில் நூறுபேர் பாடினாலும் அனைவரும் பாடுவது ஒரே மெட்டையே. மேனாட்டுச் சேர்ந்திசையிலோ ஒரு பகுதியார் மெட்டைப் பாட, மற்றொரு பகுதியார் கீழ்ச் சுரங்களில் அதற்குத் தளமிட, பிறிதொரு பகுதியார் அம்மெட்டையே சற்றுப் பின்தங்கி ஏந்தி வருவர். இம்முறையை நம் இராகத்தின்மேல் அப்படியே ஏற்றினால் இராகம் முறிந்துபோகும். ஏனெனில் நம் இராகத்தின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஐம்பது தொண்டைகள் ஒரே அளவாய் ஒரு சுரத்தை அசைத்தல் இயலாது. சீனிவாசன் கமகம் குறைந்த நேரான சுரங்களையும் நாட்டுப்பாடலின் சாயலுள்ள மெட்டுகளையும் நாடியதன் காரணம் இதுவே என்று கருதுகிறேன். சிலர் இதனை எளிமை என்று கூறி ஒதுக்குவர். தெரிந்தே செய்துகொண்ட தேர்வு என்பேன் நான்.

குறையும் உண்டு, மறைத்தல் தகாது. பாரதியின் வீரப் பாடல்கள் சேர்ந்திசையில் பொலிவுறுவதுபோல் அவனுடைய தனிமைப் பாடல்கள் பொலிவுறுவதில்லை. கண்ணம்மாவை நோக்கி ஒருவன் உருகுவதை ஐம்பது பேர் ஒருங்கே சொன்னால் உருக்கம் அணிவகுப்பாகிவிடுகிறது. இவ்வெல்லையைச் சீனிவாசன் அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. ‘சில்லு’ (1982) படத்தில், பழைய பள்ளி முற்றத்தை மீண்டுமொருமுறை நாடும் ஓ.என்.வி. குறுப்பின் கவிதைக்கு அவர் இசை வகுத்த முறையே சான்று. அங்கே ஒற்றைக் குரலும் மிகச் சில கருவிகளுமே. பெருங்குழுவை ஆளத் தெரிந்தவர்க்கே அதனை எங்கே அடக்கி வைப்பது என்பதும் தெரியும் போலும். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ படத்திலும் இச்சிக்கனத்தைக் காணலாம்.

அவருடைய அரசியலைத் தவிர்த்து அவர் இசையை மதிப்பிடுதல் பொருந்தாது. மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்டவர். சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்க முன்னின்றவர். வயலின் வாசிப்பவனின் கூலிக்காக வாதிட்டதும், குழுவில் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் பங்கு வகுத்ததும் ஒரே மனத்தின் செயல்களாகவே எனக்குப் படுகின்றன. ஜான் ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) படத்தில், கழுதைக் குட்டியை எடுத்து வளர்த்து ஊர்ப்பகை தேடிக்கொள்ளும் பேராசிரியராக நடித்தவரும் அவரே. மலையாளி இயக்கிய தமிழ்ப் படத்தில், மலையாளிகள் கொண்டாடிய தமிழர்!

நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களில் சிறுவர் சிறுமியர் ஒருவர்பின் ஒருவராக மேடையேறித் திரைப்பாடல் பாடுகின்றனர். நன்றாகப் பாடுபவர்க்குப் பரிசு. ஏனையோர் அடுத்த ஆண்டு வருவதில்லை. அவர்களுட் பலர் பள்ளியில் மலையாளம் பயில்பவர். தமிழை வீட்டில் பேசுவரேயன்றி எழுத்துக்கூட்டிப் படிக்க அறியார். பாரதியின் ஒரு பாடலை நான்கு வரிசையாக நின்று, தன் பங்கைத் தான் தவறாது பாடப் பழகும் பிள்ளைக்கு அச்சொற்கள் வாழ்நாள் முழுதும் நாவில் நிற்கும். குரல்வளம் குறைந்த பிள்ளைக்கும் அவ்வரிசையில் இடமுண்டு. இதற்குச் செலவும் மிகுதியில்லை; ஓர் ஆர்மோனியமும் மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். செயற்குழுவினர் இதனை ஆராயலாம்.

1988 மார்ச் மாதத்தில், சேர்ந்திசை பயிற்றுவிக்கச் சென்றிருந்த லட்சத்தீவில் சீனிவாசன் காலமானார். சென்னையில் அவர் மாணவர்கள் குழுவைத் தொடர்ந்து நடத்தினர். திருவனந்தபுரத்திலும் அவர் பெயர் தாங்கிய இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்று உருவாயிற்று. அதில் பாடியோர் பெரும்பாலும் மலையாளிகள்.