கருவியும் கண்ணும்: காலெப் கத்தேன்யோவின் கல்விப்பணி குறித்து ஒரு மதிப்பீடு

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கருவி ஒன்று வந்து இறங்கும் நாள் திருநாள் போன்றது. மாலை மரியாதை உண்டு, சொற்பொழிவு உண்டு, படம் பிடித்தல் உண்டு. ஓராண்டு கழிந்தபின் அக்கருவி எங்கே என்று தேடினால் பெரும்பாலும் பூட்டிய அலமாரிக்குள் இருக்கக் காண்போம். குறை கருவியிலா, அல்லது அதைக் கையாளும் நம்மிடத்திலா? இக்கேள்வியைப் பல நாடுகளில், பல மொழி ஆசிரியர்கள் முன்னிலையில் எழுப்பிய ஓர் அறிஞர் காலெப் கத்தேன்யோ. அவரைத் தமிழாசிரியர்கள் அறிந்துகொள்வது நலம். அவர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்காதிருப்பதும் நலம். இரண்டுக்கும் காரணம் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்தேன்யோ 1911ஆம் ஆண்டு எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் பிறந்தவர். 1937இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் கணிதத்திலும், 1952இல் பிரான்சின் லீல் பல்கலைக்கழகத்தில் உளவியலிலும் டாக்டர் பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் லிவர்ப்பூலிலும் லண்டனிலும் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தார். எண்ணறிவு குழந்தையிடம் எவ்வாறு வளர்கிறது என்பது பற்றிப் பியாசே எழுதிய நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களில் இவரும் ஒருவர். பின்னர் நியூயார்க்கில் குடியேறி, 1968இல் அங்கே கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1988இல் பாரிசில் மறைந்தார்.

வண்ணக் கோல்கள்

பெல்ஜியம் நாட்டுத் துவேன் என்னும் சிற்றூரில் குயிசனேர் என்ற பள்ளியாசிரியர் இருந்தார். அவர் மரத்தால் வண்ணக் கோல்கள் செய்து கணக்குக் கற்பித்து வந்தார். 1953இல் அவற்றைக் கண்ட கத்தேன்யோ, உலகமெங்கும் எடுத்துச் செல்லும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

கோல்கள் பத்து வகை. நீளம் 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை. 2, 4, 8 ஆகியவை செந்நிறச் சாயல்; 3, 6, 9 பச்சையும் நீலமும் சார்ந்தவை; 5, 10 மஞ்சட் சாயல்; 7 கறுப்பு; 1 வெள்ளை. கோலின்மேல் எண் எதுவும் எழுதப்படவில்லை என்பதுதான் இதன் நுட்பம். ஊதாக் கோலை நான்கு என்று கொண்டால் சிவப்பு இரண்டு. அதையே ஒன்று என்று கொண்டால் சிவப்பு அரை. பின்னம் என்பது தனிப் பாடமாக வராமல், குழந்தையின் கைக்குள்ளேயே பிறந்துவிடுகிறது.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் இப்படியொரு கோற்பெட்டி என் கைக்குக் கிடைத்தது. பொருட் பதிவேட்டில் இருந்தது, வகுப்பில் இல்லை. "காணாமற் போனால் யார் கணக்குச் சொல்வது?" என்ற கவலையால் அது பூட்டப்பட்டிருந்தது. நான் வாங்கித் திறந்தேன். திறந்து என்ன செய்தேன்? "பச்சை மூன்று, மஞ்சள் ஐந்து" என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை வாய்பாடு போல் ஒப்பிக்கச் செய்தேன். பால்மரம் சீவும் தொழிலாளியின் மகள் ஒருத்தி, வகுப்பில் வாய் திறவாதவள், இரண்டு சிவப்பை ஒட்டிவைத்துப் பக்கத்தில் ஊதாவை வைத்து, "ஐயா, ரெண்டும் ஒரே நீளமா இருக்கு" என்றாள். "நாம் இன்னும் அங்கே வரவில்லை, உட்கார்" என்றேன். கணிதம் அன்று அவள் கையில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவள் அதன்பின் அந்தத் தவணை முழுதும் கேள்வி கேட்கவில்லை.

கற்பித்தல் என்பது கற்றலுக்குக் கீழ்ப்பட்டு நடக்கவேண்டும் என்பது கத்தேன்யோவின் அடிப்படைக் கொள்கை. குழந்தைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பற்றி 1970இல் அவர் எழுதிய நூல் இதையே விரிக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அந்நூலைப் படித்தபோது எனக்கு அச்சிறுமியின் முகமே தோன்றியது.

எத்தியோப்பிய எழுத்தும் நம் எழுத்தும்

1957இல் யுனெஸ்கோ பணிக்காகக் கத்தேன்யோ எத்தியோப்பியா சென்றார். அந்நாட்டு அம்காரிய எழுத்து முறை நம்முடையதற்கு ஒருவகையில் உறவு. 33 மெய்யொலிகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர் வடிவம், ஆக 231. நமக்கோ பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர், உயிர்மெய் 216. ஒவ்வொன்றாக மனனம் செய்தால் இரண்டுமே மலை. அமைப்பைக் கண்டுகொண்டால் இரண்டுமே மேடு. ஒலிக்கு ஒரு நிறம் என்று வகுத்துப் படிக்கக் கற்பிக்கும் முறைக்கு அவருக்கு வழி காட்டியது அங்குப் பெற்ற அனுபவமே. பின்னர் அதை ஆங்கிலத்துக்கும் பிற மொழிகளுக்கும் விரித்தார். அம்முறையின் அட்டவணைகளுக்கு அவர் இட்ட பெயர் 'ஃபிடெல்'. அது எத்தியோப்பியர் தம் எழுத்து வரிசைக்கு வழங்கும் பெயர். கற்பிக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்டதை அவர் மறைக்கவில்லை.

மனப்பாடத்துக்குக் குழந்தை செலவிடும் ஆற்றலை அளக்க அவர் 'ஆக்டன்' என்றோர் அலகைக் கற்பித்துக்கொண்டார். புதிதாக நினைவில் இருத்தும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆக்டன் விலை. தமிழுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். உயிர், மெய், உயிர்க்குறிகள் ஆகியவற்றுக்கு விலை கொடுத்தே தீரவேண்டும். உகர ஊகார வரிசைகள் ஒரே விதிக்கு அடங்காதவை. அவற்றுக்கும் தனி விலை உண்டு. 'கெ' என்பதில் குறி முன்னே நிற்க, ஒலி பின்னே வருகிறது; 'கொ' என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. இவற்றையெல்லாம் கூட்டினாலும் 216 ஆகாது. அட்டவணை முழுவதையும் வரிசையாக ஒப்பிக்கச் செய்யும் நாம், குழந்தையிடம் கூடுதல் விலை வாங்குகிறோம் என்பது உண்மை.

ஆனால் இங்கேதான் என் மாறுபாடும் தொடங்குகிறது. ஒலிக்கு ஒரு நிறம் என்ற விதி தமிழுக்கு அப்படியே பொருந்தாது. கடல், தங்கம், பகல் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. மூன்று நிறம் பூசினால், இலக்கணம் ஒன்றெனக் கொண்ட எழுத்தைக் குழந்தையின் கண்ணில் மூன்றாக்கிவிடுகிறோம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அந்த நிறமே தேவையில்லை. இடமறிந்து அதன் நாவே ஒலியை மாற்றிக்கொள்ளும். வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளைகள் நம் நாடுகளில் பலர். அவர்களுக்கு ஏதேனும் ஒரு குறிப்பு வேண்டியிருக்கலாம். நிறங்களைப் பிரித்தறிய இயலாத பிள்ளைகளும், சிறப்பாக ஆண்பிள்ளைகளில், உண்டு. யாருக்கு எது என்று கருவி முடிவு செய்யாது. மொழியும் குழந்தையும் அறிந்த ஆசிரியரே முடிவு செய்யவேண்டும்.

மௌனமும் ஓசையும்

1963இல் வெளியான நூலில் கத்தேன்யோ விளக்கிய மொழிப் பயிற்று முறையில் ஆசிரியர் பெரும்பாலும் பேசுவதில்லை. கோலையும் அட்டவணையையும் காட்டுவார். மாணவர் முயன்று பேசுவர். ஒரு பாடவேளை முழுதும் தம் குரலே ஒலிக்கக் கேட்டுப் பழகிய நமக்கு இது நல்ல மருந்து. ஆயினும் மருந்தை உணவாக்கலாகாது. செய்யுளின் ஓசை செவிவழி வருவது. நன்னூலின் பொதுப்பாயிரம் பாடஞ் சொல்லலுக்கு இலக்கணம் கூறியதோடு அமையாமல், பாடங் கேட்டலுக்கும் தனியே இலக்கணம் கூறுகிறது. பேசாத ஆசிரியரிடம் வெண்பாவின் ஓசையை எந்த மாணவன் கேட்பான்?

இன்னொரு குறையும் உண்டு. கருவி பெரிதன்று, ஆசிரியரின் விழிப்பே பெரிது என்று கூறிய அவரே கருவி விற்கும் நிறுவனங்களோடும் தொடர்பு கொண்டிருந்தார். பெட்டி கப்பலேறிப் பல நாடு சென்றது. அதைக் கையாளும் பார்வையோ நீண்ட பயிற்சியால் மட்டுமே வருவது. அது பெட்டியோடு போகவில்லை. அவருடைய நூல்களும் எளிதில் விளங்குவன அல்ல. தனியே படித்து முறையைக் கைக்கொள்ளுதல் அரிது.

எனினும் அவர் எழுப்பிய கேள்வி இன்றைக்கும் உரியது. அன்று கோற்பெட்டி, இன்று திறன்பலகையும் கைக்கணினியும். பயிற்றுத் துணைப்பொருளின் அழகுக்கு மதிப்பெண் இடும் நாம், அதைத் தொட்ட குழந்தை என்ன செய்தது என்பதற்கு எத்தனை மதிப்பெண் இட்டோம்? ஆசிரியத் தோழர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பள்ளி அலமாரியில் உள்ள ஏதேனும் ஒரு பெட்டியை இந்த வாரம் திறவுங்கள். இரண்டு பிள்ளைகள் முன்னே வைத்து, பத்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல், அவர்கள் கைகளை மட்டும் பாருங்கள். கண்டதை எழுதி வைத்து, அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் படியுங்கள். பயிற்சி அங்கிருந்து தொடங்கட்டும்.