ஸ்பிரிங்வெளியில் ஒரு சின்னக் கிற்றார்

இசை விமர்சனம் என்ற பெயரில் நமது ஏடுகளில் வருவன பெரும்பாலும் பாட்டின் வரிகளைப் பற்றியவை. நாகூர் ஹனிபாவைப் பற்றி எழுதுகிறவர் பாடலின் கருத்தை விரித்து எழுதுவார். குரலைக் ‘கம்பீரம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அந்தக் குரலுக்குக் கீழே ஓடும் ஹார்மோனியத்தையோ தஃப்பின் அடியையோ அவர் கேட்டாரா என்பது தெரியாது. சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்து சிங்களப் பாட்டில் நிலைத்த மொஹிதீன் பேக்கைப் பற்றியும் நாம் எழுதியது இவ்வளவே. ஒலியைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்கள் குறைவு. பேசிப் பழகாததால் குறைவு.

ஒரு நூலை மதிப்பிடுவதுபோல ஒரு வாத்தியத்தை மதிப்பிட முடியுமா என்று பார்க்கவே இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருப்பது ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தச்சுத் தொழில் தெரிந்த இளைஞர் ஒருவர் கையால் செய்த சின்ன உடம்புக் கிற்றார். தம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தோட்டத்தில் அவரைப் ‘பாஸ்’ என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

பதுளையிலிருந்து நமுனுகுல மலையை நோக்கி ஏறும் பாதையில் இருக்கிறது ஸ்பிரிங்வெளி. வெள்ளைக்காரன் வைத்த பெயரில் இருந்த பள்ளத்தாக்கு நம்மவர் வாயில் ‘வெளி’யாகிவிட்டது. பெயர்தான் வெளி. லயத்துக்குள் போனால் வெளியே கிடையாது. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் இருமலும் சண்டையும் குழந்தையின் அழுகையும் பொதுச்சொத்தாகும். இந்த வாத்தியம் அப்படியொரு காம்பராவில் வாசிப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.

உடம்பின் அகன்ற பகுதி பதின்மூன்றரை அங்குலம். கடைகளில் தொங்கும் கிற்றார்களை விட இரண்டு அங்குலம் குறைவு, ஆழமும் குறைவு. பின்பலகையும் பக்கங்களும் கழுத்தும் தூனா மரம். தேயிலை நாட்டில் எங்கும் காணும் இந்த மரத்தை நாம் அலுமாரிக்கும் கதவுக்கும்தான் நினைப்போம். வட இந்தியாவில் சித்தார் செய்கிறவர்கள் ‘தூன்’ என்று தேடி வாங்குவது இதே மரத்தைத்தான். ஸ்பானியக் கிற்றார்களின் கழுத்துக்குப் போகும் ‘செத்ரோ’வும் இதற்கு நெருங்கிய உறவு, தாவரவியலாளர் ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். ஆகவே பாஸ் கைக்குக் கிடைத்ததை எடுத்தார் என்று இரக்கப்படத் தேவையில்லை. முன்பலகைதான் கிடைத்ததை எடுத்தது. ஐரோப்பாவில் அதற்கு ஸ்புரூஸ் மரம்; நம் மலைகளில் அது இல்லை. தேயிலைத் தொழிற்சாலைக்கு இயந்திரம் வந்த பழைய பெட்டி ஒன்றின் பைன் பலகை என்றார். பெல்ஃபாஸ்ட்டின் ‘சிரோக்கோ’ உலர்த்திகள் வந்த காலத்துப் பெட்டியாக இருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. எதுவாயினும் பல வருடம் காய்ந்த மரம். அதை மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவாகச் சீவி, உள்ளே எக்ஸ் வடிவில் சட்டம் கொடுத்து ஒட்டியிருக்கிறார்.

இனி ஒலி. முதலில் கேட்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். பெரிய கிற்றாரைத் தட்டியதும் நெஞ்சில் வந்து மோதும் அந்த ‘கும்’ இதில் இல்லை. காரணம் எளியது. கிற்றாரின் வயிற்றுக்குள் அடைபட்ட காற்று, வெறும் போத்தலின் வாயில் ஊதினால் எழும் ஒலியைப்போல, தனக்கென ஒரு சுருதி உடையது. பெரிய கிற்றார்களில் அது வினாடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வு. உடல் சிறுக்கச் சிறுக்க அது மேலே ஏறும். கிற்றாரின் அடித்தந்தியோ 82 அதிர்வில் இருக்கிறது. ஆகவே சின்ன உடம்பு அந்த அடிச்சுரத்தை முழுதாகத் தூக்கிக் கொடுக்காது. அதன் மேற்சுரங்களைத்தான் தெளிவாகக் கொடுக்கும். மிச்சத்தை நம் காது தானாகவே கூட்டிக்கொள்கிறது. அந்தத் தந்தி சொல்லாமல் உணர்த்துகிறது எனலாம்.

இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. சாதாரண ஆண் குரலின் பேச்சு, 100 முதல் 150 அதிர்வுக்குள் புழங்குவது. பெரிய கிற்றார் முழங்கும் இடமும் அதே இடம். அதனால்தான் மேடையில் பாடகன் கத்த வேண்டியிருக்கிறது. இந்தச் சின்னக் கிற்றார் அந்த இடத்தைக் குரலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சற்று மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. காம்பராவில் ஒருவர் தொண்டையைத் திறக்காமல் பாட, ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ‘ழ’வும் ‘ள’வும் வேறாகக் கேட்டன. சொல்லுக்காகப் பாடுகிற நம் மரபுக்கு இதைவிடப் பொருத்தமான பக்கத்துணை வேறு உண்டா என்று எனக்குத் தோன்றியது.

சின்னது என்றால் முழுமையடையாதது என்ற எண்ணம் புதியது. 19ஆம் நூற்றாண்டில் கிற்றார் என்றாலே சிறியதுதான். ஸ்பெயினின் தொர்ரெஸ் அதைக் கொஞ்சம் அகலமாக்கினார். ஆனால் ஒலி வருவது முன்பலகையிலிருந்தே என்பதைக் காட்ட 1862இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்த ஒரு கிற்றாரையும் உருவாக்கினார். இன்றைய பெரிய வடிவத்தை அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916இல் வேறொரு வியாபார நிறுவனத்துக்காகச் செய்தது; 1931இலிருந்து தன் பெயரிலேயே விற்றது. அதற்கு வைத்த பெயர் ‘டிரெட்நோட்’, பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றின் பெயர். மண்டபம் பெருத்தது, கூட்டம் பெருத்தது, வாத்தியமும் பெருத்தது. இதில் அழகியல் நியாயத்தைவிடச் சந்தை நியாயமே அதிகம்.

இந்தக் கிற்றாரைப் பற்றிப் பதுளையில் இரண்டு இலக்கிய நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர், “மலையகத்துக்குத் தப்பு இருக்கிறது, அந்நிய வாத்தியம் எதற்கு?” என்றார். மற்றவர், “தந்தி வாத்தியத்தைப் பற்றி நம்மவர் ஏட்டில் எழுதுவதா?” என்றார். இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

தப்பு, தோட்டத்தின் நாடி என்பதை மறுப்பார் யார்? காமன் கூத்துக்கும் சாவுக்கும் அதுதான். விடியலில் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் அதுதான். ஆனால் தப்பு வெளிக்கான வாத்தியம். நெருப்பில் காய்ச்சி, மலைக்கு மலை கேட்க அடிப்பது. காம்பராவுக்குள் தாலாட்டுக்குத் தப்படிக்க முடியாது. வீட்டுக்குள் தோட்டத்துப் பெண்ணின் குரலுக்குத் துணையாக எதுவுமே இருந்ததில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த பாடல்களைப் படிக்கும்போது நாம் சொற்களைத்தான் படிக்கிறோம். அவை எந்தச் சத்தத்துக்கு நடுவே, எந்த அளவு குரலில் பாடப்பட்டன என்பதை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்நியம் என்ற வாதத்துக்கு ஹார்மோனியமே பதில். ஐரோப்பாவில் பிறந்த அதை 1940இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. அதற்கிடையில் நம் கச்சேரிகள் ஹார்மோனியத்தை விட்டனவா? கோப்பியும் தேயிலையும் காம்பரா என்ற போர்த்துக்கேயச் சொல்லும் நம்முடையவை ஆகிவிட்டன. கிற்றார் மட்டும் வாசலில் நிற்க வேண்டுமா?

இரண்டாமவருக்கு: கிற்றாரின் பெயர் ‘கீதாரா’ என்ற அரபு வழியாக ஸ்பெயினுக்குப் போனது. அதன் முன்னோரில் ஒன்றான ‘ஊத்’துக்கு அரபியில் மரம் என்றே பொருள். பாராபி தம் பெரிய இசை நூலில் ஊத்தையும் பக்தாத், குராசான் தம்பூர்களையும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தவர். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் நரம்பு வாத்தியங்களை விலக்கும் இடத்திலும், அவை இனிமையாக இருப்பதைக் காரணமாகச் சொல்லவில்லை. மதுக்கூட்டத்தோடு அவற்றுக்கிருந்த தொடர்பையே சொல்கிறார். தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை. அதற்குள் நான் போகவில்லை. கேட்காமலே எழுதக்கூடாது என்பதுதான் என் கட்சி. பாவாமாரின் றபானைப் பற்றியாவது நாம் கேட்டு எழுதினோமா?

ஊவாவுக்குக் கிற்றார் புதிதுமல்ல. மூன்ஸ்டோன்ஸ் குழுவின் வழியாகச் சிங்கள மெல்லிசையின் முகத்தையே மாற்றிய கிளரன்ஸ் விஜேவர்தன ஹப்புத்தளைக்காரர். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடல்களால் கிற்றாரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்கள். அவர்களிடம் நகைச்சுவை உண்டு, ஊர்ப்பேச்சு உண்டு. ஆனால் ஒரு தீய பழக்கமும் அவர்கள் வழி வந்தவர்களிடம் ஒட்டிக்கொண்டது. கிற்றார் என்றால் பைலாத் தாளத்தில் ஆறு தந்தியையும் சேர்த்து விளாசுவது என்ற பழக்கம். ஸ்பிரிங்வெளியில் இந்தச் சின்னக் கிற்றாரை முதலில் வாசித்த பையனும் அதைத்தான் செய்தான். சின்ன முன்பலகை அந்த அடியைத் தாங்காது. ஒலி தகரமாகிறது, தந்திகள் ஒன்றையொன்று மிதிக்கின்றன.

பிறகு பாஸின் அம்மா ஒரு தாலாட்டுப் பாட, பாஸ் விரலால் வாசித்தார். அப்போதுதான் வாத்தியம் வாய் திறந்தது. ஆனாலும் அவர் வாசித்த முறையில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று கோர்ட்டுகளை வைத்துக்கொண்டு பாட்டு எங்கே திரும்பினாலும் அவற்றில் ஒன்றை அடியில் கொடுத்தார். அந்த அம்மாவின் மெட்டிலோ ஏழாவது சுரம் தாழ்ந்து நிற்கிறது. இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கி இறங்குகிற இடங்கள் பல. கோர்ட்டுக்கு அந்த வழுக்கல் தெரியாது. அது ஒரு படியில் நிற்கச் சொல்கிறது. பாட்டு நிற்க மறுக்கிறது. மூன்றாம் தடவை அம்மாவே கோர்ட்டுக்கு இணங்கித் தன் மெட்டைத் திருத்திக்கொண்டதைக் கேட்டபோது எனக்கு மனம் கஷ்டப்பட்டது. ஒரு பாட்டு இப்படித்தான், யாரும் கெடுக்க நினைக்காமலே கெடுகிறது. அடித்தந்தியை ஒரு சுரம் தளர்த்தி, தம்பூராவைப்போல அதையும் நடுத்தந்தியையும் மட்டும் மீட்டிப் பாருங்கள் என்றேன். செய்தார். அம்மாவின் தாழ்ந்த சுரம் திரும்பி வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிரிட்ஜைப் பலாவில் கனமாகச் செய்திருக்கிறார். பலா வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உடம்பாகலாம். மெல்லிய முன்பலகைமேல் அவ்வளவு பாரம் கூடாது. ஒலி எழும்புமுன் அது பாதியைத் தின்றுவிடுகிறது. மூன்றாம் தந்தியில் ஒரு சுரம் மட்டும் திடீரென்று பெருத்து உடனே செத்துப்போகிறது. உள்ளே ஒரு சட்டத்தை இழைத்தால் சரிவரலாம். ஆறு உலோகத் தந்திகள் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கின்றன என்பதால் அவர் பயந்து சட்டங்களைத் தடிப்பாக வைத்திருக்கிறார். பயம் நியாயமானது, பலன் ஒலியில் தெரிகிறது.

காற்றும் ஒரு விமர்சகன்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்றுதான் இங்குள்ள தேயிலைக்கு அந்தத் தனி வாசத்தைக் கொடுப்பது. அதே காற்று மரத்தின் ஈரத்தையும் உறிஞ்சும். முன்பலகை சற்றுத் தாழும், பிரெட் ஓரங்கள் விரலில் குத்தும், ஒலி கூர்மையாகும். மழை வந்தால் மரம் ஊதி ஒலி மந்தமாகும். நான் கேட்டது ஆகஸ்டில். ஒலி துல்லியமாக இருந்தது என்று நான் எழுதியதில் அந்த மாதத்துக்கும் பங்குண்டு. நவம்பரில் கேட்பவர் என்னோடு சண்டைக்கு வரலாம்.

இப்போது பாஸுக்கு ஒரு கேட்பு வந்திருக்கிறது. கல்யாண வீடுகளில் வாசிக்கும் குழு ஒன்று, பெரிய உடம்போடு, ஒலிபெருக்கியில் செருகும் வசதியோடு ஒரு கிற்றார் கேட்கிறது. முன்பணமும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. சின்னதை யாரும் கேட்கவில்லை. அவர் அந்த வேலையை ஏற்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை; அடுப்பு எரிய வேண்டும். ஆனால் இரண்டாவது சின்னக் கிற்றாருக்குத் தூனாப் பலகையை அவர் ஏற்கெனவே அறுத்து, காம்பராவின் பரணில் காயப் போட்டிருக்கிறார். பிரிட்ஜைப் பாதிக் கனத்தில் செய்யுங்கள், சட்டத்தைக் கொஞ்சம் நம்பி இழையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பைன் பெட்டியில் இன்னும் ஒரு முன்பலகைக்குத்தான் மரம் மிச்சமிருக்கிறதாம்.