கியர் ராடுக்கு ஒரு தோல் பாவாடை

விரிஞ்சிபுரத்திலிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி; கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இரு பக்கமும் தோல் பதனிடும் ஊர்கள். இந்த ஊர்களை இணைக்கும் சாலையில் ஓடும் காருக்குள் கியர் ராடின் ரெக்சின் உறை வெடித்துத் தொங்கினால் எனக்குக் கோபமே வரும்.

ஆட்டோமேட்டிக் காரில் ராடு பெரும்பாலும் ஒரே கோட்டில்தான் நகரும்: பி, ஆர், என், டி. உறை தினமும் அதே இடத்தில் மடிந்து, அங்கேயே கிழிகிறது. வேலூர் வெயில் அதை விரைவுபடுத்தும்.

பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி எடுத்து, பழைய உறையின் தையலைப் பிரித்து விரித்தால் வெட்டுவதற்கான அளவு கிடைத்துவிடும். மேலே குறுகி, கீழே அகன்ற துண்டுகள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் வாசனைக்கு நான் அடிமை. ஆனால் இங்கே அது வேண்டாம், வெயிலில் கறுத்து விறைக்கும். குரோமில் பதனிட்ட, சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஆட்டுத்தோல்தான் சரி. ஓரங்களைச் சீவி மெலிதாக்கி, உட்புறம் வெளியே தெரியத் தைத்துப் புரட்டுவார்கள். புரட்டியதும் மூலைகள் நிமிர்ந்து நிற்கும் அழகே தனி!

சட்டத்தில் ஒட்டுமுன் ராடை ‘பி’யிலிருந்து கடைசிவரை நகர்த்திப் பார்க்க வேண்டும். தோல் இழுபட்டால் முதலில் விடுவது தையல்தான்.