ஜிட்சியில் ஜாவா எங்கே இடிக்கிறது?

2003-இல் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழக மாணவர் எமில் இவோவ் ஜாவாவில் எழுதத் தொடங்கிய 'சிப் கம்யூனிகேட்டர்'தான் இன்றைய ஜிட்சி. நம் சொந்தச் சர்வரில் நிறுவிவிட்டால், யாரும் கணக்குத் திறக்காமல் ஒரு லிங்க்கை வைத்தே வீடியோ கூட்டம் நடத்திவிடலாம். இந்தக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டாடுகிறவர்கள்கூட, உள்ளே ஓடுவது ஜாவா என்றதும் முகம் சுளிக்கிறார்கள்.

'ஜாவா மெதுவானது' என்ற பழைய குற்றச்சாட்டு இங்கே எடுபடாது. ஜிட்சியின் வீடியோபிரிட்ஜ் படத்தைப் பிரித்துக் கலப்பதில்லை. வந்த பாக்கெட்டை உரியவர்களுக்கு அனுப்புவதோடு சரி. கனமான வேலை பிரவுசரின் தலையில். மறையாக்கத்துக்கோ சி மொழியில் எழுதிய ஓப்பன்எஸ்எஸ்எல் கைகொடுக்கிறது.

சிக்கல், குப்பை அள்ளுவதில் இருக்கிறது. பயன்படுத்தி முடித்த மெமரியை ஜாவா தானே மீட்டுக்கொள்ளும்; அதற்காக அவ்வப்போது மொத்த நிரலையும் நிறுத்திவைக்கும். ஒலி பாக்கெட் பொதுவாக 20 மில்லிவினாடிக்கு ஒன்று. 100 மில்லிவினாடி நின்றால் ஐந்து பாக்கெட் தாமதம். பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். இதைத் தவிர்க்க ஜிட்சிக்காரர்கள் பைட் வரிசைகளைத் தொகுத்துவைத்து, எடுத்து, திருப்பித் தந்து பயன்படுத்துகிறார்கள். திருப்பித் தர மறந்தால் மறுபடி குப்பை சேரும். அவசரப்பட்டுத் தந்துவிட்டாலோ ஒருவரின் பாக்கெட்மேல் இன்னொருவருடையது எழுதப்படும். எந்தத் தலைவலி வேண்டாமென்று சி-யை விட்டு ஜாவாவுக்கு வருகிறார்களோ, அதுவே கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது!

இன்னொரு குடைச்சல், எண்கள். ஒலி, படத்தைச் சுமந்துவரும் ஆர்டிபி பாக்கெட்டின் வரிசை எண் 0 முதல் 65535 வரை போகும். ஜாவாவின் 16 பிட் எண்ணோ 32767-ஐத் தாண்டினால் எதிர்மறையாகிவிடும். படிக்கும் ஒவ்வோர் இடத்திலும் அதைத் திருத்த வேண்டும். ஓரிடத்தில் விட்டாலும் வரிசை குழம்பும். புதிய பகுதிகளை இப்போது காட்லின் மொழியில் எழுதுகிறார்கள். அதில் எழுதுவது இதம்; ஆனால் ஓடுவது ஜாவா ஓடும் அதே ஜேவிஎம்மில்தான், குப்பை அள்ளும் கதையும் அதேதான்.

ஜாவாவுக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு. இணையத்தில் யார் வேண்டுமானாலும் கோணல்மாணலான பாக்கெட்டை அனுப்பலாம். சி-யில் எழுதிய ஜானஸ் போன்ற சர்வரில் எல்லைச் சோதனை ஒன்று விடுபட்டால் அடுத்தவர் மெமரிவரை கை நீளும். ஜாவாவில் ஒரு பிழைச்செய்தியோடு முடிந்துவிடும். அந்தரங்கப் பேச்சு ஓடும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் இதற்கு மெமரியாக விலை கொடுப்பவர் யார்? வீடியோபிரிட்ஜ், கூட்டத்தை ஒருங்கிணைக்கும் ஜிகோஃபோ இரண்டுக்கும் இயல்பான மெமரி வரம்பு தலா 3072 எம்பி. பெரிய நிறுவனத்துக்கு அது பொருட்டே அல்ல. 2 ஜிபி வாடகைச் சர்வரில் கூட்டம் நடத்த நினைக்கும் சிறு அமைப்புக்கு அந்த வரம்புகளைக் குறைப்பதே முதல் வேலையாகிறது.

இப்படியொரு சர்வரை இன்று புதிதாக எழுதத் தொடங்குபவர், லைவ்கிட் என்ற வீடியோ சர்வர் செய்ததுபோல, கோ மொழிக்குப் போவதே சரி. அதிலும் குப்பை அள்ளல் உண்டு. ஆனால் நிறுத்தம் மிகக் குறைவு, எதிர்மறையாகாத குறியற்ற எண்களும் உண்டு. அதற்காக, ஒழுங்காக ஓடும் ஜிட்சியை மொழிக்காக மட்டும் தூக்கியெறிவது வீண் வேலை.