உவகையா, பெருமிதமா? இணைய ஆட்டமும் அதன் அடுத்த பாகமும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் களங்கள் நான்கைச் சொல்லும்போது விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். பெருமிதத்துக்கு அவர் காட்டுபவை வேறு நான்கு: கல்வி, தறுகண், இசைமை எனப்படும் புகழ், கொடை. ஆக, விளையாட்டு மகிழ்ச்சியின் பக்கம். புகழ் பெருமிதத்தின் பக்கம். இந்த வேறுபாடு எனக்கு விளங்கியது சந்தாபுராவில், என் அக்கா வீட்டு ஹாலில்தான்.

அக்கா மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பப்ஜி மொபைலே கதி என்று கிடப்பான். நூறு பேர் வரை இறங்கும் தீவில் கடைசிவரை நிற்பவருக்கு வெற்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவனோடு இறங்குவேன். ஐந்தாவது நிமிஷத்தில் செத்துப்போய்ச் சிரிப்பேன். அவன் சிரிக்க மாட்டான். "உங்களுக்கென்ன மாமா, எனக்கு ரேங்க் இறங்கிடும்" என்பான். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று 'கான்கரர்' வரை ஏறும் படிக்கட்டு அது. ஒரு சீசன் முடிந்ததும் சில படி கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏறச் சொல்வார்கள். தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருக்கும். உவகைக்காகத் தொடங்கியவன் இசைமைக்காக உழைத்துக்கொண்டிருந்தான்.

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு அந்த ஆட்டத்தைத் தடைசெய்தது. அக்டோபர் இறுதியில் சர்வரும் நின்றது. "ரெண்டு வருஷம் போச்சு மாமா" என்று அழுதான். அக்காவுக்கு நிம்மதி, எனக்கு மனசு கேட்கவில்லை. 2021 ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து மறைந்து, 2023 மே மாதம் திரும்பியது. வாடகை நிலத்தில் கட்டிய புகழ் அவ்வளவுதான்.

நாங்கள் பிரவுசிங் சென்டரில் ஆடிய கவுண்டர் ஸ்டிரைக் 1.6 வந்தது 2003-இல். பத்து கம்ப்யூட்டரை லேன் கேபிளில் இணைத்தால் இன்றைக்கும் ஓடும். யாருடைய சர்வரும் வேண்டாம். அதன் வழிவந்த 2012-ஆம் ஆண்டு ஆட்டத்தின் இடத்தில் 2023 செப்டம்பரில் கவுண்டர் ஸ்டிரைக் 2 வந்து உட்கார்ந்தது. சுட்டால் புகை விலகி வழிவிடும் நுட்பம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முந்தைய ஆட்டத்தின் அதிகாரபூர்வப் போட்டிகள் மூடப்பட்டன. சினிமாவில் இரண்டாம் பாகம் வந்தாலும் முதல் பாகத்தின் சிடி நம் வீட்டில் இருக்கும். இங்கே முதல் பாகத்தின் மைதானத்தை உழுதுவிட்டுத்தான் இரண்டாம் பாகம் வருகிறது.

அக்கா மகன் இப்போது கல்லூரி மாணவன். 2026 நவம்பர் 19 என்று தேதி அறிவித்திருக்கும் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவின் ஆறாம் பாகத்துக்குக் காத்திருக்கிறான். (இந்த வரிசை ஆட்டங்கள் சிறுவர்களுக்கானவை அல்ல, பெற்றோர் கவனிக்க.) ஐந்தாம் பாகத்தின் இணைய ஆட்டத்தைப் பழைய கன்சோல்களில் ஆடியவர்களுக்கு 2021 டிசம்பரில் கதவு சாத்தப்பட்டதை அவனுக்கு நினைவூட்டினேன். "தெரியும் மாமா. இந்தத் தடவை ரேங்க் எதுவும் பாக்க மாட்டேன். நீங்க வாங்க, சும்மா சுத்துவோம்" என்றான்.

நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று: புதிய மைதானத்தைத் திறங்கள், பழையதைப் பூட்டாதீர்கள். பெற்றோரிடம் ஒன்று: பிள்ளையிடம் "எத்தனை மணி நேரம் ஆடினே?" என்று கேட்பதோடு, "சிரிச்சியா?" என்றும் கேளுங்கள்.